குவாயாகிலுக்கு ஒருவர்

வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் ரமாபாய்க்குத் தெரிந்த நாடுகள் முப்பதுக்குக் குறையாது. படித்துத் தெரிந்துகொண்டதல்ல, படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் பத்தொன்பது வருடமாகக் காலிப் பெட்டிகளைக் கூட்டிக் கழுவுகிறவள். கதவைத் திறந்ததும் எந்த ஊர்ப் பெட்டி என்று மூக்கே சொல்லிவிடும். ஈக்வடார் பெட்டி என்றால் தேக்குக் கட்டை வந்திருக்கும். கூட்டினால் பட்டையும் மண்ணும் கூடை கூடையாக வரும். நோய்ப்பூச்சி இருக்கும் என்று அந்த மண்ணை வெளியே கொட்ட விடமாட்டார்கள். மூட்டை கட்டித் தனியாக வைக்க வேண்டும். அதனாலேயே அந்த நாட்டின் பேரைக் கேட்டால் யார்டில் எல்லாருக்கும் எரிச்சல்.

அந்த ஈக்வடாரில், குவாயாகில் என்ற துறைமுக ஊரின் ஆஸ்பத்திரியில், அவள் மகன் பீம்ராவ் நினைவில்லாமல் கிடந்தான். இருபத்தாறு வயது. கப்பலில் ஃபிட்டர் வேலை. சரக்கு அறைக்குள் இறங்கும்போது ஏணியிலிருந்து தவறி விழுந்து தலையில் அடி.

கப்பல் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் ஆபீஸ் பாரிமுனைப் பக்கம் இருந்தது. அங்கே சௌக்கத் அலி என்பவர் அவளை உட்காரவைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகச் சொன்னார்.

"தலையில ஆபரேஷன் பண்ணணுமாம்மா. பண்ணா பொழைக்கலாம், பண்ணும்போதே போயிடவும் செய்யலாம். பண்றதா வேணாமான்னு பெத்தவங்க நேர்ல வந்து சொல்லணுங்கிறாங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் காத்திருப்பாங்க. கம்பெனி ஒருத்தரை அனுப்பும். வீட்டுக்காரர்?"

"செத்து பதினோரு வருசம் ஆவுது சார்."

"அப்ப நீங்கதான். பாஸ்போர்ட் இருக்கா?"

இருந்தது. போன லீவில் வந்தபோது பீம்ராவே கூட்டிப்போய் எடுத்துக்கொடுத்தது. ஒரு பக்கத்தில்கூட முத்திரை விழாத புத்தகம். அதை அவள் முந்தானையில் சுற்றியே கொண்டுவந்திருந்தாள்.

அந்தப் பக்க நாடுகளுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும் என்றார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும் என்றார்கள். அடுத்து ஊசி போடும் நாளிலேயே போய்ப் போட்டுக்கொண்டாள். யார்டில் லீவு சொல்லப் போனபோது, கூட வேலை பார்க்கும் வரலட்சுமி, அழுகிற மூஞ்சியைப் பார்க்க முடியாமல் கிண்டலில் இறங்கினாள்.

"இத்தினி வருசம் அவங்க ஊரு கலீஜ நீ கூட்ன. இப்ப அவங்க ஊருக்கே போற. வெளக்கமாத்த கைல எடுத்துனு போயிடாதக்கா, புடிச்சு வேலைல போட்டுக்குவானுங்கோ."

ரமாபாய் சிரித்தாள். விபத்துச் செய்திக்குப் பிறகு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடியோ கால் வரும். அங்கே அப்போது காலை. பாஷை தெரியாத நர்ஸ் ஒருத்தி போனை பீம்ராவின் முகத்துக்கு நேரே பிடிப்பாள். "நைனா, டேய் நைனா, அம்மா வந்துகினே கீறேன்டா" என்று ரமாபாய் கூப்பிட்டால் அவனுடைய இடது புருவம் லேசாக ஏறி இறங்கும். நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள். அந்தப் புருவத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஒவ்வொரு நாளாகக் கடந்தாள்.

ஆறாம் நாள் சௌக்கத் அலி கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் பீம்ராவின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

"அம்மா பேரு சொக்கம்மாள்னு இருக்கேம்மா. அது யாரு?"

"எங்க அக்கா."

"அப்ப நீங்க?"

"நான் வளத்தவ சார். எனக்குப் பொறக்கலன்னு முப்பத்தேழு நாள் கொழந்தையா தூக்கிக் குட்த்தா."

"தத்து எடுத்த பத்திரம் எதாவது?"

"அக்கா தங்கச்சிக்குள்ள இன்னா சார் பத்திரம்."

அவர் பேனாவை மூடிவைத்தார்.

பத்திரம் எழுதச் சந்தர்ப்பமே வராமல் இல்லை. பள்ளியில் சேர்க்கும்போது, "யார் பேரும்மா போடறது, மாத்திக்கிறதுன்னா இப்பவே மாத்திக்கோ" என்று தலைமையாசிரியை கேட்டார். வேண்டாம் என்றவள் ரமாபாய்தான். அக்காள் புருஷன் லோகநாதன் துறைமுகத்தில் நிரந்தர வேலையில் இருந்தான். அவன் பிள்ளை என்று காகிதத்தில் இருந்தால்தான் துறைமுக ஆஸ்பத்திரி கார்டில் பையன் பேர் இருக்கும். பீம்ராவுக்கு அப்போது மூச்சிரைப்பு. மழைக்காலம் வந்தால் மாதத்தில் நாலு தரம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பேரா பெரிசு, பிள்ளை மூச்சு விட்டால் போதும் என்று விட்டுவிட்டாள். கார்டு அவனைக் காப்பாற்றத்தான் செய்தது. வளர்ந்த பிறகு அவன் அதைச் சொல்லிக் கேலி செய்வான்: "எனக்கு ரெண்டு அம்மா. ஆபீசுக்கு பெரிம்மா, சோத்துக்கு நீ." அவனுடைய கப்பல் காகிதங்களிலும் அம்மா என்று அக்காளின் பேரே ஏறியது. லோகநாதன் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. கார்டும் அவனோடு போனது. பேர் மட்டும் நின்றுவிட்டது.

"கோர்ட்ல போட்டா கெடைக்கும்மா. மாசக்கணக்கா ஆகும்" என்றார் சௌக்கத் அலி.

"ரெண்டு பேரும் போனா?"

"ஒருத்தருக்குத்தான் சொல்லியிருக்காங்க. உங்க செலவுலயே போனாலும் எந்த உறவுன்னு விசா கேக்குறது?"

காகிதத்தில் அம்மா அக்காள்தான். போக வேண்டியவளும் அவளே.

எண்ணூரில் மகள் வீட்டோடு இருந்தாள் சொக்கம்மாள். வயது ஐம்பத்தொன்பது. முழங்கால் வீங்கி, சுவரைப் பிடித்து நடப்பவள். விஷயத்தைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள்.

"நான் போவ மாட்டேன் ரமா. அது உன் புள்ள. குடுக்கும்போதே சொன்னேன், எந்தக் காலத்துலயும் என் புள்ளன்னு வந்து நிக்க மாட்டேன்னு."

"நீ எங்க வந்து நின்ன. நான்தான அனுப்பறேன்."

"எனக்குக் கையெழுத்தே போடத் தெரியாதே."

"ரேகை வாங்கிக்குவாங்க."

"வெட்டுன்னு சொல்றதா, வாணான்னு சொல்றதா? நான் ஒண்ணு சொல்லி, அவனுக்கு எதனா ஆயிட்சின்னா உன் மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

ரமாபாய் தரையில் உட்கார்ந்தாள். அக்காளின் காலைப் பிடித்தாள். வீங்கிய காலைப் பிடித்ததும் சொக்கம்மாள் வலியில் முனகினாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டாள் தங்கை.

சொக்கம்மாளுக்கு அவசரப் பாஸ்போர்ட், மறுபடி ஊசி, மறுபடி பத்து நாள். மூன்று விமானம் மாற வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சக்கர நாற்காலியோடு ஆள் வரும் என்று சௌக்கத் அலி எழுதிக்கொடுத்தார். எழுதியதைப் படிக்கச் சொக்கம்மாளுக்குத் தெரியாது என்பதால் ரமாபாய் வாயால் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்யவைத்தாள். அதோடு நிற்கவில்லை. பிள்ளையையும் சொல்லிக்கொடுத்தாள். உச்சந்தலையைத் தடவாதே, பிடிக்காது. காதுக்குப் பின்னால் தடவு. கால்மாட்டில் உட்காராதே, வலப் பக்கம் உட்கார். பேர் சொல்லிக் கூப்பிடாதே. வெட்டுவதா வேண்டாமா என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஏழு மணி வீடியோ காலில் இப்போது இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நைனா" என்றாள் சொக்கம்மாள். புருவம் ஏறவில்லை.

"அழுவாத கூப்புடுக்கா. கொஞ்சம் அதட்டலா. சோத்துக்கு நேரமாவுது, எங்கடா கீறன்னு கேக்கறா மாதிரி."

"டேய் நைனா."

அசைவில்லை. மூன்று நாள் இப்படியே போயிற்று. நாலாம் நாள் ரமாபாய் போனைப் பிடுங்கித் தானே கூப்பிட்டாள். அவளுக்கும் புருவம் ஏறவில்லை. கட்டைவிரலை உயர்த்தத் தயாராக இருந்த நர்ஸ் கையை மெல்ல இறக்கிக்கொண்டாள். அன்றைக்கு அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, ஒரு காலை, விமான நிலையத்துக்குப் போனார்கள். டிக்கெட் உள்ளவர்கள் மட்டும் உள்ளே என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். நாற்காலிக்காரன் வரும்வரை நிழலில் நின்றார்கள். சொக்கம்மாள் பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டாள். எதையோ கேட்க வாயெடுப்பதும் அடக்குவதுமாக இருந்தவள், நாற்காலி வந்து உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்.

"அவன் கண்ண தொறந்து அம்மான்னு கூப்ட்டா நான் இன்னாடி சொல்லட்டும்?"

ரமாபாய் அக்காளின் புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் இன்னொரு தரம் சரிசெய்தாள்.

"இன்னா நைனான்னு கேளு."

"இன்னா நைனா" என்று சொக்கம்மாள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

குரல் அச்சு அசலாகத் தங்கையின் குரலாகவே இருந்தது. ரமாபாய் தலையாட்டினாள், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.