மூடிய கை

பெம்பானில் எங்கள் வீட்டு வரிசைக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு குருபோங் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ், இனி மெயின் ரோட்டிலிருந்து பாதை பிரிகிற சிம்பாங்கிலேயே நின்றுவிடும் என்று வெள்ளிக்கிழமை கேன்டீனில் அறிவித்தார்கள். சிம்பாங்குக்கும் எங்கள் வீடுகளுக்கும் நடுவில் முழுக்கச் செம்பனைத் தோட்டம். காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது விடிந்திருக்காது. வழியில் ஒரு விளக்கும் கிடையாது.

அறிவித்தவர் எச்.ஆர். அதிகாரி. எங்கள் சர்ச் பாடற்குழுவில் பாடுகிற தம்பி. பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். நான் எழுந்தேன்.

"உங்க வீட்டுப் பொம்பளைங்கள அந்த இருட்டுல நடக்க விடுவீங்களா தம்பி?"

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஆண்ட்டி, யூ ஆர் வெரி பக்னேஷியஸ் லா. மேனேஜர் முன்னாடி இப்படியா பேசுறது? திங்கக்கிழமை வந்து சாரி சொல்லிருங்க. இல்லேன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல."

திரும்பி வரும் பஸ்ஸிலேயே அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தேடினேன். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற குணமாம். லத்தீனில் 'புக்னுஸ்' என்றால் மூடிய கை, முஷ்டி. சண்டை போடுவதற்கு 'புக்னாரே'. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அதே குடும்பத்தில்தான் 'ரிபக்னன்ட்' என்ற சொல்லும் பிறந்திருக்கிறது. எதிர்த்துச் சண்டையிடுவது என்பது அதன் பழைய பொருள். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு அருவருப்பு என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. எதிர்த்து நிற்கிறவளை அருவருப்பு என்று சொல்ல அகராதி எதற்கு? எங்கள் சொந்தக்காரர்களே போதும்.

"என்னான்னுக்கா திட்டுனாரு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவளும் தொழிற்சாலையில் எங்கள் லைனில்தான் வேலை செய்கிறாள்.

"கைய மூடுறவளாம்."

"அதுக்கா சாரி கேக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போனேன். பாவ அறிக்கை சொல்லும்போது நாங்கள் கையை மூடி நெஞ்சில் தட்டிக்கொள்வோம். சின்ன வயதிலிருந்து எனக்கு மூடிய கை என்றால் அதுதான். அடி விழுவது நம் மேலேயே. பாடற்குழுவிலிருந்து அந்தத் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரியை இங்கேயே ஆரம்பித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

புறம் பேசியதற்குத் தட்டிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்ததற்கும் தட்டிக்கொண்டேன், சற்றுப் பலமாகவே. கேன்டீனில் கேட்ட கேள்விக்கு என் கை எழவில்லை. இனியும் எழாது.

திங்கட்கிழமை இருட்டில் வழக்கமான இடத்திலேயே போய் நின்றேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி சாப்பாட்டுப் பையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். சிம்பாங்குக்கு ஒருத்தியும் நடக்கவில்லை.

கைப்பேசி அடித்தது. அந்தத் தம்பிதான்.

"ஆண்ட்டி, சிம்பாங்ல யாருமே இல்லன்னு டிரைவர் சொல்றாரு. எல்லாரும் எங்க?"

"எப்பவும் நிக்கிற எடத்துலதான் லா. பஸ்ஸ உள்ள அனுப்புங்க."

யாரிடமோ மலாயில் ஏதோ சொல்வது கேட்டது.

"சரி, வருது. அப்போ அந்தச் சாரி?"

"கேக்க வேண்டியதெல்லாம் நேத்துப் பூசையிலயே கேட்டு முடிச்சிட்டேன் தம்பி. உங்களுக்குன்னு மிச்சம் ஒண்ணுமில்ல."