கயிற்று வைப்பர்

கிருஷ்ணராஜின் மொரிஸ் மைனருக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. மழை கொட்டுகிற விடியற்காலையில் அதன் வைப்பர் பாதிக் கண்ணாடி வரை எழும்பி, முனகிக்கொண்டே நின்றுவிடும். அதே வைப்பர் றக்வான கடைத்தெருவில், மத்தியான வெயிலில், யாரும் கேட்காமலே ஒழுங்காக ஆடிக் காட்டும். மனுசனாக இருந்திருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார்.

பாதி ஆயுசு தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவர் அவர். பெரிய கிளாக்கர் ஐயா ஊரை விட்டுப் போகும்போது, வாங்க ஆளில்லாமல் நின்ற இந்தக் கார் அவர் தலையில் விழுந்தது. கலியாணக் காலத்தில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்றும். மற்ற நாளில் அதன் முக்கிய வேலை அழகம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான்.

அழகம்மா அவர் மனைவி. இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டதால், வாரத்துக்கு இரண்டு முறை ரத்தினபுரியில் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். முதல் பஸ்ஸை நம்பினால் அவள் முறை போய்விடும். போன மாதம் மழையும் வைப்பரும் சேர்ந்து ஒரு முறையை விடச் செய்தன. கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆள் பாதியாகிப் போனாள். அப்படியும் மழைச் சத்தம் கேட்டால் போதும், "வுட்டுருவோமேங்க, கார் வேற சரியில்ல" என்பாள்.

அவளுக்கு அலுத்துவிட்டது. சொல்லப்போனால் அவருக்கும் அலுத்துவிட்டது. அவள் அப்படிச் சொல்லும்போது, திரும்பப் போய்ப் படுக்கலாம் என்று அவர் உடம்பு ஒரு கணம் சந்தோஷப்படும். அந்தச் சந்தோஷத்துக்காகத் தன் மேலேயே அவருக்கு வெறுப்பு வரும்.

காரை நுஹ்மான் நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனார். நானா வயரைத் தொட்டுப் பார்த்தார், மோட்டரைக் கழற்றிப் பார்த்தார்.

"மோட்டர் நல்லா ஈக்குது. ஒரு பிழையும் இல்ல."

"காலையில ஓட மாட்டேங்குது நானா."

"அப்ப நான் காலையில ஒங்கட லயத்துல வந்து படுக்கணும்" என்றார் நானா.

அடுத்த ஆஸ்பத்திரி நாளும் மழையோடுதான் விடிந்தது. சுவிட்சைப் போட்டார். வைப்பர் பாதியில் நின்றது. அழகம்மா கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். கிருஷ்ணராஜுக்கு வந்த கோபத்தில் பொனட்டைத் திறந்தார். வைப்பர் கையோடு ஆடட்டும் என்று, மோட்டரையும் வைப்பரை ஆட்டும் கேபிளையும் சேர்க்கிற கொக்கியைக் கழற்றி எறியாத குறையாக வைத்தார். லயத்து வீட்டு வாசலில் துணி காயப்போடும் கொடிக்கயிற்றை அறுத்து இரண்டு வைப்பரிலும் கட்டினார். ஒரு முனையைத் தன் பக்கத்து ஜன்னல் வழியாகவும், மறு முனையை அவள் பக்கத்து ஜன்னல் வழியாகவும் உள்ளே விட்டார்.

"இந்தா புள்ள. நீ இழுத்தா நான் வுடுறேன். நான் இழுத்தா நீ வுடு."

அவளுடைய இடது கையில்தான் மெஷின் ஊசி குத்துகிற இடம். அந்தக் கைக்குப் பளு ஆகாது. அதனால் உடம்பைத் திருப்பி உட்கார்ந்து வலது கையால் இழுத்தாள். முதல் வளைவில் இருவரும் ஒரே நேரத்தில் இழுத்துக் கார் ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குப் போகப் பார்த்தது. மூன்றாம் வளைவுக்குள் அவளுக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது.

"ஒங்க பக்கம் சொணங்குது. வெரசா இழுங்க" என்று அதட்டினாள். அவள் அவரை அதட்டி எத்தனையோ மாதமாகியிருந்தது.

எதிரே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்றபோது, டிரைவர் கயிற்றைப் பார்த்துச் சிரித்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். "பேன்னே நெத்த? வெட" என்றாள் அழகம்மா. தெரியவில்லையா, வேலை என்று அர்த்தம்.

அன்றைக்கு அவள் வழியில் வாந்தி எடுக்கவில்லை. திரும்பி வரும்போது வழக்கம்போல் தூங்கிச் சாயவும் இல்லை.

"மூட்ட மாதிரி என்னைய ஏத்தி எறக்குறீங்க" என்றாள். "சின்ன வயசுலருந்து கொழுந்து எடுத்த கைங்க இது. இன்னைக்கித்தான் ஒரு வேல செஞ்ச மாதிரி இருந்துச்சு."

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலைக் குளிரிலேயே கேபிள் ஓடும் குழாயைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக எதுவோ உறைந்திருந்தது. பழைய கிரீஸ் என்று நினைத்து விரலில் எடுத்துத் தேய்த்தார். சூடு பட்டதும் உருகி வழிந்தது. மோந்து பார்த்தால் தேங்காய் எண்ணெய், கூடவே கருகின திரி வாசம்.

ஆயுத பூசையன்று பூசை முடிந்ததும், விளக்கில் மிஞ்சிய எண்ணெயை வீட்டிலுள்ள ஆயுதங்களின் மூட்டுகளில் விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கும் விடுவார்கள், தையல் மெஷினுக்கும் விடுவார்கள்.

"காருக்கும் ஊத்துனியா புள்ள?"

"ஊத்தாமலா? வைப்பர் அடியில நெறையவே ஊத்துனேன். நடுவழியில நிக்காம நம்மளக் கொண்டு போயி சேக்கட்டும்னு. ஏங்க, அதுலயா பிழ?"

அந்த மலையில் காலையில் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமென்றால் போத்தலை அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். தினமும் அதைச் செய்கிறவள் அவள்தான். மத்தியானம் தானாக உருகிவிடும். காருக்குள்ளும் அதுதான் நடந்திருக்கிறது.

"இல்ல, சும்மா கேட்டேன்" என்றார்.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, நல்ல கிரீஸ் போட்டு, கொக்கியைப் பூட்டினார். மறுநாள் விடியலில் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றிச் சுவிட்சைப் போட்டார். வைப்பர் சொன்னபடி கேட்டது. இனி கயிறு இழுக்காமல் ஒரு கையாவது சும்மா இருக்கும் என்று நிம்மதிப்பட்டார்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் நல்ல மழை. மற்ற நாளில் நாலு தரம் கூப்பிட்டால்தான் அழகம்மா எழும்புவாள். அன்றைக்கு அவருக்கு முன்பே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தாள். கொடிக்கயிற்றின் முனையை விரலில் சுற்றி வைத்திருந்தாள்.

"சரியாயிருச்சாங்க?"

கிருஷ்ணராஜ் மழையில் நின்றார். முதுகு வலித்தது, தோள் வலித்தது, தூக்கம் கண்ணை இழுத்தது. சரியாயிருச்சு என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவள் விரலைப் பார்த்தார்.

"இன்னும் இல்ல புள்ள. கொஞ்சம் இரு, பாக்குறேன்."

பொனட்டைத் தூக்கி, அதன் மறைவில் நின்று, தான் பூட்டிய கொக்கியைத் தானே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கயிற்றைக் கட்டினார்.

இரண்டாம் வளைவில் அவள் கயிற்றை இழுத்தபடி அவர் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கி லேசா வருதுங்க."

"அப்படியா? என் பக்கம் இறுக்கமாத்தான் இருக்கு."

"அப்ப நீங்க வுடுங்க" என்றாள் அழகம்மா. "நான் இழுக்குறேன்."