மூடிக்குப் போன தகரம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் சோபியா நகரத்துப் பால்கனிகளிலெல்லாம் சிவப்புக் குடமிளகாய் சுடும் வாசம் கிளம்பிவிடும். குளிர்காலத்துக்கு வீட்டுக்கு வீடு விழுது கிளறி ஜாடிகளில் அடைப்பார்கள். அந்த வருஷம் அந்த வாசமே தொனிக்காவுக்கு ஆகவில்லை. ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள்.

பிளெவென் ஊர் ரயில்வே சிக்னல்காரரின் மகள் அவள். படிப்பால் மேலே வந்து, நாட்டின் திட்ட அலுவலகத்தில் உலோகப் பங்கீட்டுப் பிரிவுக்குத் தலைவியானவள். எந்த ஆலைக்கு எவ்வளவு தகரம் என்பது அவள் மேஜையில்தான் முடிவாகும். வசந்தத்தில் தகரம் குறைவாக வந்தபோது ஆளாளுக்கு அடித்துக்கொண்டார்கள். ஏற்றுமதி டப்பாவில் கைவைக்க முடியாது. இளைஞர் விழாவுக்கு நெஞ்சில் குத்தும் பேட்ஜ் லட்சக்கணக்கில் வேண்டும், அதிலும் முடியாது. கேட்க நாதியில்லாதது ஜாடி மூடி ஒன்றுதான். அதில் பாதியை வெட்டினாள். பழைய மூடியை வைத்து ஜனங்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று மேலே எழுதி அனுப்பினாள். ஒருமுறை திறந்த மூடி மறுபடி இறுகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்றைக்கு வேலை முடிய வேண்டியிருந்தது.

இப்போது கடை வாசலெல்லாம் வரிசை. டிராம் ஓட்டும் தங்கை இஸ்க்ரா, சீருடையோடு நேரே அவள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏன்க்கா, நாட்டுக்கே கணக்குப் போடுறவ நீ. ஒரு மூடிக்குக் கணக்கு வரலையா? பால்கனில மிளகாய் மூட்டை அழுகிட்டிருக்கு!"

"ஆலைல ஏதோ கோளாறாம்டி."

"கோளாறு ஆலைலயா, அதுக்கு மேல இருக்கிற தலைங்கள்லயா?" என்று சிரித்தாள் இஸ்க்ரா.

தொனிக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் அவள் நாற்காலிக்கடியில் ஒரு பை இருந்தது. நிறையப் புது மூடிகள். "அதிகாரிங்களுக்குன்னு கேன்டீன்ல தனியா குடுக்கிறாங்கம்மா. உங்க பங்கு" என்றாள் காரியதரிசிப் பெண். அந்தப் பையைக் காலால் தள்ளிப் பார்த்தாள், அலமாரியில் வைத்துப் பூட்டினாள். எங்கே வைத்தாலும் மனம் அங்கேயே போய் நின்றது. எழுந்து, தனக்கு மேலதிகாரியான அலுவலகத் துணைத்தலைவர் மெத்தோதியின் அறைக்குப் போனாள்.

"பேட்ஜுக்கு ஒதுக்கின தகரத்தை மூடிக்கு மாத்திடலாம், தோழர். பேட்ஜைப் பிளாஸ்டிக்ல அடிச்சுக்கலாம்."

மெத்தோதி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "விழாவுல கைவைக்கச் சொல்றீங்களா? தலை கழுத்துல இருக்கிறது பிடிக்கலையா?"

"ஜனங்க கடை வாசல்ல நிக்கிறாங்க."

"வருஷா வருஷம் எதுக்காவது நிக்கத்தான் செய்றாங்க. போய் வேலையைப் பாருங்கம்மா."

தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். மெத்தோதி சனிக்கிழமை ஊருக்குப் போய்விடுவார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் போனதும் தகரக் கிடங்குக்குப் போன் போட்டாள். பேட்ஜ் ஆலைக்குப் புறப்பட இருந்த தகரத்தை மூடி ஆலைக்குத் திருப்பச் சொன்னாள். "யார் உத்தரவு?" என்று மறுமுனை கேட்டது.

"என் உத்தரவு" என்றாள். பேசி முடித்தபின் கை பாட்டுக்கு ஒயரை முறுக்கிக்கொண்டே இருந்தது.

மூடிகள் கடைக்கு வந்தன. ஆனால் மிளகாய்ப் பருவம் ஏறக்குறைய முடிந்திருந்தது. இஸ்க்ராவின் மூட்டையில் பாதி குப்பைக்குப் போனது; மீதிக்கும், அடுத்து வந்த பிளம்ஸ் பழத்துக்கும் மூடி கிடைத்தது. விழாவில் இளைஞர்கள் பிளாஸ்டிக் பேட்ஜைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போனார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மெத்தோதி சொன்னார். "எல்லையோரம் விதின் ஊர்ல நம்ம வட்டார அலுவலகத்துக்கு ஆள் தேவையாம். தான்யூப் ஆத்துக் காத்து உடம்புக்கு நல்லது."

அந்தக் குளிர்காலத்தில் அவள் விதின் போனாள். சாயங்காலங்களில் ஆற்றங்கரையில் அலைந்தாள், உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. செய்தது சரி என்று ஒரு நாள் தோன்றும். வசந்தத்திலேயே செய்யாமல் போனோமே என்று அடுத்த நாள் குடையும். புது வருஷத்து ஒதுக்கீடு தயாராகும் சமயம், தன் இடத்துக்கு வந்திருந்த புதுத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"ஜாடி மூடிக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"

"அது உங்க வட்டார வேலை இல்லியே, தோழர்" என்றார் அவர், மரியாதையாகத்தான்.

மறுநாள் காலையில் மறுபடி அதே எண்ணைச் சுற்றினாள்.