மூன்று ஷிஃப்ட் காவல்

அறுவை சிகிச்சை வார்டில் மனநல நர்ஸாக இருப்பது கல்யாண வீட்டுக்கு வக்கீல் வந்து நிற்பது மாதிரி. எதற்கு வந்திருக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் உட்காரச் சொல்ல மாட்டார்கள். ஒரகடம் பக்கத்து ஆஸ்பத்திரியில் எனக்கு இதுதான் பிழைப்பு. யாருக்காவது துணைக்கு இருந்து வார்டில் அல்லாடியவர்களுக்கு மீதி சொல்லாமலே புரியும்.

மெஷினில் மாட்டிய கை

மண்ணூரிலிருந்து வந்த சேகர் சாகத் துணிந்து தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர். கையில் பெரிய ஆபரேஷன். நான் கட்டிலை நெருங்கியதும் அவர் மனைவி தேவி குறுக்கே வந்து நின்றாள்.

"ஊர்ல மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிகீறோம் சிஸ்டர். யார்னா கேட்டா, நீங்க கைக்குப் பயிற்சி குடுக்குற பிசியோன்னு சொல்லிடுங்க."

ஆள் மாற்றும் நேரம்

அவரைத் தனியே விடாதீர்கள் என்றேன். கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் குடும்பம் அல்லவா, உடனே ஷிஃப்ட் போட்டுவிட்டார்கள். காலையில் சேகரின் அம்மா, மதியம் தேவியின் தம்பி குமார், ராத்திரி தேவி. குமார் யூனிஃபார்மோடு நேராக வருவான். கட்டிலில் இருப்பவரை விட்டுவிட்டு சேகரின் அம்மாவிடம்தான் கேட்பான்.

"அத்த, எதுனா பிரச்சன கீதா? இல்லன்னா நீ கெளம்பு."

ரவுண்ட்ஸ்

சர்ஜன் விரலை மடக்கச் சொன்னார். சேகர் மடக்கினார். காயம் நன்றாக ஆறிவிட்டது, நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார். குடும்பமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மனநல டாக்டர் எத்தனை முறை கேட்டும், "இப்ப ஒண்ணும் இல்ல சார்" என்பதற்கு மேல் சேகர் வாயைத் திறந்ததில்லை. மாலையில் குமார் செல்போனில் மூழ்கியிருந்தபோது, என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"என்னப் பாத்துக்க மூணு ஷிஃப்ட்டுக்கும் ஆள் கீது சிஸ்டர். என்னாண்ட பேசத்தான் ஒருத்தரும் இல்ல."

தேவியின் கேள்வி

சாகும் எண்ணம் இன்னும் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள் என்று தேவியிடம் சொன்னேன். கேட்டால் ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடாதா என்றாள். எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். அவர் மறந்தால்தானே ஞாபகப்படுத்த, கேட்பதால் கெடுதல் வராது என்றேன்.

மறுநாள் வீட்டுக்குக் கிளம்பப் பையை மூடிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் சாவணும்னு தோணுதா மாமா?" என்று கேட்டுவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஷின் கதை அதோடு காலி. சேகர் அழுதார்.

"தோணுது தேவி. இன்னிக்குக் காலைலகூட. தோணுச்சுன்னா உன்னாண்ட சொல்லட்டுமா?"

அன்றைக்கு அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை; எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முன்னேற்றம்.