கேன்டீனில் கற்ற இங்கிலீஷ்

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தேன். படித்தது பன்னிரண்டாவது வரை, அரசுப் பள்ளியில், தமிழ் மீடியத்தில். அங்கே ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸ் என்பது மதிப்பெண் வாங்கித் தரும் கேள்வி, அவ்வளவுதான். பூனை எலியைப் பிடித்தது என்று கொடுத்தால் எலி பூனையால் பிடிக்கப்பட்டது என்று மாற்றி எழுத வேண்டும். எதற்காக மாற்ற வேண்டும் என்று டீச்சர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. மாற்றினோம், பாஸானோம், அதோடு இங்கிலீஷை விட்டுவிட்டோம்.

அதனால் கம்பெனியில், பன்னிரண்டாவது முடித்த பெண்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் என்று அறிவித்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் நான்தான். சனிக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, கேன்டீனில். வேலூரிலிருந்து ஒரு சார் பைக்கில் வருவார். சாம்பார் வாசனையும், எங்கள் துணியில் ஊறிப்போன பசை வாசனையும் கலந்து கிடக்கும் அந்த இடத்தில் ஒரு வெள்ளை போர்டைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாடம் நடத்துவார். நல்ல மனிதர். தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டார்.

வாக்கியத்தில் நான்கு வகை என்று முதல் வாரம் சொல்லித் தந்தார். செய்தி சொல்வது, கேள்வி கேட்பது, கட்டளை இடுவது, ஆச்சரியப்படுவது. "புக்க விடுங்க. நீங்க வேல செய்ற எடத்துல காதுல விழுறத சொல்லுங்க," என்றார். கட்டளைக்கு ஆளாளுக்குக் கத்தினோம். கமான், ஃபாஸ்ட். டோன்ட் டாக். ஃபினிஷ் தி டார்கெட். கேள்விக்கு வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. "ஒய் லேட்?" என்றாள் ஒருத்தி. "அது உங்க சூப்பர்வைசர் கேக்குறது. நீங்க இன்னா கேப்பீங்க?" என்றார் சார். பக்கத்தில் இருப்பவள் சொல்வாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் போர்டைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனார்.

எனக்குப் பக்கத்து மெஷினில் இருந்தவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டில் உருது பேசுவார்கள்; அக்காவை ஆப்பா என்பார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். எட்டாவதோடு நின்றுவிட்டதால் அவரைக் கிளாஸில் சேர்க்கவில்லை. திங்கட்கிழமை ஆனால் நான் படித்து வந்ததை மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தி அவருக்குச் சொல்வேன். 'மே ஐ கோ?' என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "இத இங்கிலீஷ்ல கேட்டா டோக்கன் சீக்கிரம் குடுப்பானா?" என்று சிரிப்பார்.

டோக்கன், பாத்ரூம் போவதற்கு. எங்கள் லைன் மொத்தத்துக்கும் ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். போனவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். ஆர்டர் அவசரமாக இருக்கும் நாளில் அது ஆணியிலிருந்து அவர் சட்டைப் பைக்குப் போய்விடும். அதற்குப் பயந்தே எங்களில் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதில்லை. ஆப்பாவுக்குக் காலையில் வீட்டில் குடிக்கும் டீயோடு சரி.

நல்ல வெயில் காலம். ஒருநாள் மதியம் ஆப்பா மெஷினை நிறுத்திவிட்டு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்வை. "டோக்கன் வாங்கினு வாம்மா," என்றார். நான் எழுந்து போய்க் கேட்டேன்.

"இன்னா அவசரம்? கையில இருக்கறத முடிச்சிட்டுப் போவச் சொல்லு," என்றார் சூப்பர்வைசர், தலையை நிமிர்த்தாமலே.

நான் திரும்புவதற்குள் ஆப்பா ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் கிடந்தார். புடவை நனைந்திருந்தது. ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டார் வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகத்தில் கல், அதோடு சீழும் பிடித்திருக்கிறது. தேறி வந்தவரை எச்.ஆர். மேடம் கேட்டிலேயே நிறுத்தி, அந்த மெஷினுக்கு வேறு ஆள் போட்டாயிற்று என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதே வாரம் சனிக்கிழமைதான் பாஸிவ் வாய்ஸ் தொடங்கியது. மேடமும் வந்து முன்னால் உட்கார்ந்தார். நம்ம ஷூவை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, ஒர்க்கர்ஸை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க ஆடிட்டர் வரப்போகிறார், உங்களில் சிலரைக் கூப்பிட்டுப் பேசுவார், பயப்படாமல் இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும் என்றார். சார் போர்டில் எழுதினார். வாட்டர் இஸ் கிவன். மாஸ்க்ஸ் ஆர் கிவன். பிரேக்ஸ் ஆர் அலவ்ட். எல்லோரும் சேர்ந்து சொன்னோம்.

"யார் குடுக்குறாங்கன்னு போட வேணாமா சார்?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. பாஸிவ்ல அதான் வசதி. செஞ்சவங்க யாருன்னு சொல்லாமலே வாக்கியம் முடிஞ்சிடும்," என்றார். சொல்லிவிட்டு மேடத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராதது அன்றைக்கு எனக்கு விளங்கியது. விளங்கியதில் ஒரு சந்தோஷமும் இல்லை. ஆப்பாவைத் திருப்பி அனுப்பியவர் என் எதிரில் உட்கார்ந்து, 'வெரி குட், வெரி குட்' என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

ஆடிட் அன்று குளிர்ந்த தண்ணீர் கேன் வந்தது, பேப்பர் கப் வந்தது. டோக்கனும் ஆணியும் காணாமல் போயின. ஆடிட்டர் நரைத்த முடியுள்ள வெள்ளைக்காரப் பெண்மணி. மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண் கூட இருந்தாள். என் முறை வந்ததும், மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே பேசினேன். தி சூப்பர்வைசர் கீப்ஸ் தி டோக்கன். வி டோன்ட் டிரிங்க் வாட்டர். மை ஃபிரண்ட் ஃபெல் டவுன். தி கம்பெனி சென்ட் ஹெர் அவுட். ஆப்பாவின் பெயரையும் சொன்னேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் செய்தவர் யார் என்பதை முதலில் வைத்தேன்.

அந்த அம்மாள் லேப்டாப்பில் கொஞ்ச நேரம் தட்டினார். பிறகு நிமிர்ந்து, என் இங்கிலீஷ் மிகவும் நன்றாக இருக்கிறது, யார் சொல்லித் தந்தார்கள் என்று கேட்டார்.

"கம்பெனி கிளாஸ், மேடம்," என்றேன். அதுதானே உண்மை.

மறுவாரம் எச்.ஆர். மேடம் கூப்பிட்டார். "உன்ன ரொம்ப பாராட்டினாங்க. ஒர்க்கர்ஸுக்கு இவ்ளோ நல்ல ட்ரெயினிங்கான்னு ஆச்சரியப்பட்டாங்க. கம்பெனிக்கு அதுல நல்ல பேரு." மேஜையில் இருந்த ஃபைலை மூடினார். "ஆனா நீ கொஞ்சம் ஜாஸ்தியாவே பேசிட்ட. பேரு மொதக்கொண்டு சொல்லியிருக்க."

அன்றைக்கே என்னைத் தையலிலிருந்து எடுத்துப் பசை போடும் இடத்தில் நிற்க வைத்தார்கள். டோக்கன் பழையபடி ஆணிக்கு வந்தது. கிளாஸ் நின்றுபோனது. போர்டை எடுத்துப் போக வந்த சாரை கேட் அருகே பார்த்தேன். "நீங்க பேசினதுல கிராமர் தப்பே இல்லம்மா, மேடமே சொன்னாங்க," என்றார். "எனக்கு இங்க மாசாமாசம் வந்துகினு இருந்த காசு போச்சு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போர்டைப் பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்காக நான் பேசியது தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

"என் பேரச் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார்.

"சொன்னேன் ஆப்பா."

"ஏன் சொன்ன? உன்ன யாரு சொல்லச் சொன்னது?" குரல் உடைந்தது. "வேற கம்பெனியில கேட்டு வெச்சிருந்தேன். நேத்து வர வேணாம்னுட்டாங்க. ஏன்னு இப்பதான் தெரியுது. இந்த எச்.ஆருங்கெல்லாம் ஒருத்தருக்கு ஒருத்தர் போன் போட்டுக்கறவங்க. நான் உழுந்தத ஊருக்கெல்லாம் சொல்லி உனக்கு இன்னா கெடச்சுது?"

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது வீட்டிலேயே ஷூ மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கிறார் என்று அவர் தங்கை சொல்லித்தான் தெரியும். ஒருமுறை ஆம்பூர் பஜாரில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தார், மடியில் தோல் மூட்டை. "ஆப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். என்னைப் பார்த்தார். பர்தாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "போலாம்பா, எடம் இல்ல," என்று டிரைவரிடம் சொன்னார்.

அவர் பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. டிரைவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வண்டியை எடுத்தார்.