தமிழாக்க மறுத்த ஒரு வரி

வெளியூர்த் தலைவர்கள் ஆந்திர எல்லையோரச் சத்தியவேட்டில் தெலுங்கில் பேசினால், கிராமத்துத் தமிழ்ப் பெண்களுக்குப் புரியவைக்கிற வாய் வேதாச்சலத்தினுடையது. பதினான்கு வருஷம். பிழைப்பு என்னவோ பேருந்து நிலையத்தில் தகரப் பெட்டி மாதிரி ஒரு முடிதிருத்தும் கடை. அந்த இடத்தைக் கட்சிக்காரர்கள்தான் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கூப்பிட்ட மேடையில் ஏறுவது அதற்கான கடமை.

அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பழமொழி. தலைவர் தெலுங்கில் ஒன்றைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அதற்கு ஈடான தமிழ்ப் பழமொழியை எடுத்து வீசுவான். கைதட்டல் பறக்கும். தண்ணீர்த் தொட்டி ஏன் காய்ந்து கிடக்கிறது, கம்பெனியில் உள்ளூர்க்காரனுக்கு ஏன் வேலை இல்லை என்று எவளாவது எழுந்து கேட்டால், தலைவர் பதில் சொல்லமாட்டார், பழமொழி சொல்வார். சிரித்த ஜனங்கள் காலிக் குடத்தோடு வீட்டுக்குப் போவார்கள். கேள்வியைக் கொன்ற கத்தியைத் தீட்டிக் கொடுத்தவன் தான்தான் என்பது வேதாச்சலத்துக்குத் தெரியும். சாதியைத் தூற்றும் பழமொழிகளில் மட்டும் சாதியை எடுத்துவிட்டு ‘ஒருத்தன்’ என்று மாற்றிவிடுவான். அதுதான் அவனால் முடிந்த நியாயம்.

போன தேர்தலில் வந்த பேச்சாளர், எதிர்க்கட்சி வேட்பாளரை மட்டம்தட்ட ஒரு பழமொழியை எடுத்தார். முடிவெட்டுகிறவனையும் அவன் பெண்டாட்டியையும் பற்றியது. தெலுங்கு தெரிந்த ஆண்கள் உடனே சிரித்தார்கள். முன்வரிசைப் பெண்கள் வேதாச்சலத்தின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் அவன் மனைவி கமலம்மாவும் இருந்தாள்.

“இன்னாய்யா சொன்னாரு? நீயே வாய மூடிக்கினா எப்படி? நாங்களும் சிரிக்கவேணாவா?” என்றாள் ஒரு கிழவி.

‘ஒருத்தன்’ என்று சொல்லியிருக்கலாம். அந்த ‘ஒருத்தன்’ பெண்டாட்டி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

“என் சாதியையும் என் வீட்டுப் பொம்பளையையும் கேவலமா ஒரு பழமொழி சொன்னாரு. அத நான் தமிழ்ல சொல்லமாட்டேன்” என்றான் மைக்கில்.

மைக்கை அணைத்துவிட்டார்கள். உள்ளூர் நிர்வாகி பிரபாகர் மேடைக்குப் பின்னால் அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

“அவரா எழுதினாரு அத? பெரியவங்க சொல்லி வச்சது. எல்லாருந்தான் சொல்லிக்கினு கீறாங்க, உனக்கு மட்டும் ரோஷமா?”

“எந்தப் பெரியவங்க பிரபாகர்? அவங்க தலைய சிரைச்சவன அந்தப் பெரியவங்கள்ல சேத்தாங்களா?”

“கடையப் பாத்துக்கோ” என்றான் பிரபாகர்.

தேர்தல் முடிவு வந்த நான்காம் நாள் கடை போயிற்று. ஆக்கிரமிப்பு அகற்றமாம். வரிசையில் ஒன்பது கடைகள். டிராக்டர் தூக்கியது ஒன்றை. கண்ணாடி உடைந்தது, நாற்காலி சாக்கடை ஓரம் கிடந்தது. கமலம்மா அழவில்லை. “போய் ஏன்னு கேளு” என்றாள்.

கடையை அகற்றச் சொன்ன அலுவலகத்தில் அதிகாரி அவன் மனுவைப் படித்தார். ‘மற்ற எட்டுக் கடைகள் ஏன் ஆக்கிரமிப்பு இல்லை?’ என்பதுதான் அதிலிருந்த ஒரே கேள்வி. அதிகாரி நாற்காலியில் சாய்ந்து ஒரு பழமொழி சொன்னார். குமாஸ்தாக்கள் சிரித்தார்கள்.

வேதாச்சலம் தன் பேனாவை நீட்டினான். “இதுதான் காரணம்னு உத்தரவுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். நான் போயிடறேன்.”

சிரிப்பு நின்றது.

“வெளிய போ” என்றார் அதிகாரி.

“எழுதிக் குடுங்க சார். எழுதமுடியாதுன்னா அது பதிலே இல்ல.”

அவன் நகரவில்லை. ஐந்து மணிக்குப் போலீஸ் வந்தது. அரசு ஊழியரை வேலை செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு. இதுவரை ஆறு வாய்தா. கடை இருந்த இடத்தில் பிரபாகரின் மைத்துனன் செல்போன் பழுது பார்க்கிறான். மனுவுக்குப் பதில் இன்னும் வரவில்லை.