காதில் ஓடும் மூச்சு

ஆலைக்குள் செல்போன் கூடாது என்று சுற்றறிக்கை வந்த வாரம், அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தையல் ஆலை அலுவலகத்தில் நான் சேர்ந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். கழுத்து அட்டையைக் குளிக்கும்போது மட்டும் கழற்றிய நாட்கள் அவை. மூன்றாம் வரிசையில் காலர் தைக்கும் அம்மா ஒருவர் எந்நேரமும் காதில் ஒயரோடு இருக்கிறார் என்று சூப்பர்வைசர் சொன்னதும், விறைப்பாகப் போய் நின்றேன்.

ஐம்பது வயதிருக்கும். முந்தானைக்குள் ஒளித்த ஒயர் ஒரு காதில் போய் முடிந்தது.

"மாட்டிக்கிட்டியா ரேடியோக்கா? இன்னைக்கு என்ன பாட்டு?" என்று பக்கத்து மெஷின்காரி சீண்டினாள்.

"நமக்கு ஒரே பாட்டுதான்டி. அது நிக்காம ஓடினா போதும்."

நான் கையை நீட்டினேன். அவர் போனைத் தரவில்லை. ஒயரை மட்டும் தந்தார். "லைனை கட் பண்ணிடாதீங்க சார். காதுல வெச்சுப் பாருங்க."

வைத்தேன். பாட்டில்லை. யாரோ ஒருவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். சளி கட்டிய நெஞ்சுக்குள் கரகரவென்று ஏறி இறங்கியது. சட்டென்று நின்றது. ஒயரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி ஏறியது.

"எங்க வீட்டுக்காரர்" என்றார்.

லாரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஒரே மகள், கட்டிக்கொடுத்த இடம் தூரம். காலையில் அவருக்குக் கூழாக அரைத்துக் கரண்டியால் ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றி, இரண்டு பக்கமும் தலையணை அண்டக்கொடுத்து, போனை மார்புப் பக்கம் வைத்து, வெளியே பூட்டிவிட்டு இந்த அம்மா வேலைக்கு வருவார். மாலை வரை அந்த லைன் அறுபடாது.

"எச்சில்கூட அவருக்குப் புரையேறும் சார். புரையேறினா ரெண்டு நிமிஷம்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்கேர்ந்து வீட்டுக்கு ஓடினா மூணு நிமிஷம். அந்த மிச்ச ஒரு நிமிஷத்தை நெனச்சு நெனச்சேதான் தம்பி தைக்கிறேன்."

சாராக இருந்த நான் எப்போது தம்பி ஆனேன் என்று இருவருமே கவனிக்கவில்லை.

அவருக்கு மட்டும் போனை அனுமதிக்கக் கேட்டு அன்று மதியமே ஒரு விண்ணப்பம் எழுதி மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். படித்த படிப்பு ஒருவருக்கு உதவியது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதற்குப் பிறகு மூன்றாம் வரிசைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த அம்மாவின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். கை தைத்துக்கொண்டிருக்கும், கண் எங்கோ நிலைத்திருக்கும்.

"லாரியில போனா வாரக்கணக்குல வரமாட்டாரு. அப்ப நிம்மதியா தூங்கினேன். இப்ப நாலு சுவத்துக்குள்ள கெடக்கிறாரு, கண்ணை மூட முடியல. பாத்தீங்களா கூத்தை?" என்பார்.

நல்ல செய்தியும் ஒன்று வைத்திருந்தார். இடக்கைக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று டாக்டர் பென்சில் பிடிக்கச் சொல்லியிருந்தாராம். "தினம் ஒரு தாள் கிறுக்கித் தள்ளுறாரு தம்பி. நேத்தைக்கு இன்னைக்கு கோடு நேரா வருது. எல்லாத்தையும் பத்திரமா அடுக்கி வெச்சிருக்கேன்." அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அது எனக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் என் மண்டையில் ஒன்றும் உறைக்கவில்லை.

ஒருநாள் பதினொரு மணி இருக்கும். அந்த மெஷின் மட்டும் நின்றது.

"மூச்சு கேக்கல."

லைன் இருந்தது. போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் ஒயரை வாங்கிக் கேட்டேன். கிணற்றுக்குள் காது வைத்தது போலிருந்தது. நிமிர்வதற்குள் அவர் போனோடு வாசலைத் தாண்டியிருந்தார். செருப்பு மெஷினடியிலேயே கிடந்தது. நானும் ஓடினேன். வாட்ச்மேன் கத்தியது காதில் ஏறவில்லை. ஓட்டத்தில் அவர் "ஏங்க... ஏங்க... இருமுங்க... ஒரு தடவை இருமுங்க..." என்று போனுக்குள் கெஞ்சிக்கொண்டே போனார்.

அவசரத்தில் அவருக்குப் பூட்டுக்குள் சாவி இறங்கவில்லை. வாங்கி நான் திறந்தேன்.

கட்டில் காலியாகக் கிடந்தது.

தலையணைக்கு அடியில் துண்டில் சுற்றிய பொட்டலமாகப் போன். வீட்டுக்காரர் ஜன்னலருகே நின்றிருந்தார். இடக்கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலில் பாரம் போட்டு, வியர்வையில் தொப்பலாக நனைந்து. எங்களைப் பார்த்ததும் திருடு கொடுத்தவர் போலல்ல, திருடியவர் போல விழித்தார்.

"செத்துட்டியோன்னு ஓடியாறேன்யா, நீ நின்னு வேடிக்கையா பாக்குற?" பேச்சுக்குப் பேச்சு 'ஏங்க' என்றவர் அன்று 'நீ' என்றார். தாங்கிப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைக்கும்வரை திட்டினார். வைத்த பிறகுதான் அழுதார்.

வீட்டுக்காரர் இடக்கையால் அலமாரியைக் காட்டினார். அடுக்கிய தாள்கள். பிறகு என்னைக் காட்டினார்.

எடுத்தேன். கோணல்மாணலாக எழுத்துகள். கிறுக்கலே இல்லை.

"என்ன தம்பி? என்ன போட்டிருக்கு?"

இத்தனை மாதமாக ஒரு நொடிகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் இதை எப்படிப் படிப்பது?

"படிங்க தம்பி, பயமா இருக்கு."

படித்தேன். "கொஞ்ச நேரம் போனை அணைச்சு வை. விழுந்தாலும் எந்திரிச்சாலும் நான் தனியா பாத்துக்கறேன்." அடுத்த தாளிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

அந்த அம்மா தாள்களை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எவ்வளவு நேரம்?" என்றார். வீட்டுக்காரர் ஐந்து விரலைக் காட்டினார். "அஞ்சு நிமிஷமா?" இல்லையென்று தலையாட்டி, விரல்களை மடக்கி மடக்கி ஆறு தடவை விரித்தார்.

"அரை மணி நேரமா! என்னைக் கொன்னுட்டுப் போங்க" என்றார். மறுக்கவில்லை.

இப்போதும் அவர் மூன்றாம் வரிசையில்தான் இருக்கிறார். வீட்டுக்காரர் தடியூன்றிக் கதவுவரை நடக்கிறார்; புரையேறுவது நிற்கவில்லை. பதினொன்றிலிருந்து பதினொன்றரை வரை போன் அணைந்திருக்கும். அந்த அரை மணியில் அந்த அம்மாவின் கை ஊசிக்கு அடங்காது என்பதால், தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலையை மட்டும் அவருக்குக் கொடுக்கிறோம்.